நீண்ட ஆசையும் நெடுநோக்கும்

ஜும்ஆ முடிந்து மக்கள் கலைந்து கொண்டிருந்த நேரம். அரபு நாட்டில் 14 வருடங்கள் உழைத்து ஊர் திரும்பியிருந்த சபராளி ஒருவர் இமாம் அவர்களை நெருங்கி ஸலாம் சொன்னார். அன்றைய பயானில் இமாம் அவர்கள் ‘தூலுல் அமல்’ எனப்படும் நீண்ட ஆசையைக் கண்டித்துப் பேசியிருந்தார்கள். அது அவர் மனத்தை உறுத்தியிருக்க வேண்டும்.

“ஹஸ்ரத், கையில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நிலம் வாங்கித் தென்னை வைக்கலாம் என்று காக்கா சொல்கிறார். கன்று வைத்தால் காய்ப்புக்கு வர ஆறேழு வருடம் ஆகுமாம். நாளைக்கு இருப்போமா என்று தெரியாத ஹயாத்தில், ஆறேழு வருடத்திற்கு அப்பால் கணக்குப் போடுவது தூலுல் அமலில் சேராதா? வீட்டில் இருப்பவர்களோ, மேல்மாடி எடுத்து நகையும் வாங்கி வைத்தால் கண்ணுக்கு முன்னால் இருக்குமே என்கிறார்கள்” என்றார்.

இமாம் அவர்கள் சிரித்துக் கொண்டே, மஃரிபுக்குப் பின் வரச் சொன்னார்கள். அந்தப் பேச்சு இஷா பாங்கு வரை நீடித்தது. அருகில் இருந்து கேட்ட எனக்கு அந்தக் கேள்வி நெஞ்சிலேயே தங்கிவிட்டது. ஏனெனில் இது அவர் ஒருவருடைய கேள்வியல்ல. நம் இல்லங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் வாய்விட்டுக் கேட்கப்படாமல் கிடக்கும் கேள்வி. இமாம் அவர்கள் சொன்னதையும், அதன் பின் கிதாபுகளில் தேடிப் பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நீண்ட ஆசை கண்டிக்கப்பட்ட ஒன்று என்பதில் ஐயமில்லை. உண்டு, சுகித்து, ஆசையில் மயங்கிக் கிடப்போரை அவர்கள் போக்கில் விட்டுவிடும்படி சூரத்துல் ஹிஜ்ரின் 3வது வசனம் கூறுகிறது. கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை சதுரமாக ஒரு கோடு வரைந்து, அதன் நடுவே இன்னொரு கோடு இழுத்தார்கள். அது சதுரத்தைத் தாண்டி வெளியே நீண்டது. நடுக்கோட்டை ஒட்டிச் சிறு சிறு கோடுகளையும் போட்டார்கள். உள்ளே இருப்பவன் மனிதன். அவனைச் சுற்றி வளைத்திருப்பது அவனுடைய அஜல். வெளியே நீண்டு போவது அவனுடைய ஆசை. சிறு கோடுகள் அவனுக்கு நேரும் சோதனைகள், ஒன்று தப்பினால் இன்னொன்று பிடித்துக் கொள்ளும் என்று விளக்கினார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்க, ஸஹீஹுல் புகாரியில் இது பதிவாகியுள்ளது.

இந்தப் படத்தைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். சதுரத்திற்கு வெளியே உலகமே இல்லை என்று அது சொல்லவில்லை. வெளியே காலம் இருக்கிறது, மக்கள் இருக்கிறார்கள், மரங்கள் காய்க்கின்றன. அங்கே *நாம்* இல்லை என்பதுதான் பாடம். வெளியே நீளும் கோட்டையும் தன்னுடைய ஆயுள் என்று ஒருவன் நினைத்து, தவ்பாவைத் தள்ளிப் போடுகிறான், கடனைத் தள்ளிப் போடுகிறான், பங்கு பிரிப்பதைத் தள்ளிப் போடுகிறான். அதுவே தூலுல் அமல். சதுரத்திற்கு வெளியே தான் இருக்க மாட்டோம் என்பதை உணர்ந்து, அங்கே இருக்கப் போகிறவர்களுக்காக இன்றைக்கு ஒரு வேலை செய்கிறவன் இருக்கிறானே, அவன் செய்வது இதற்கு நேர் எதிரானது. ஆயுள் குறுகியது என்று எவ்வளவு உறுதியாக நம்புகிறோமோ, அவ்வளவு தூரத்துக் கணக்கை இன்றே எழுதி வைக்க வேண்டியவர்களாகிறோம்.

இது நானாகக் கற்பித்த விளக்கமல்ல. மூன்று ஹதீஸ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இவ்வுலகில் அந்நியனைப் போல, வழிப்போக்கனைப் போல இருக்க வேண்டும் என்ற அறிவுரை ஒன்று. வஸிய்யத் செய்வதற்குரிய பொருள் வைத்திருக்கும் ஒரு முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்பது இரண்டாவது. கைபரில் ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களுக்குக் கிடைத்த நிலத்தைப் பற்றிய செய்தி மூன்றாவது. மூன்றையும் நமக்கு அறிவிப்பவர் ஒரே ஸஹாபி, ஹழ்ரத் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள். மாலையை அடைந்தால் காலையை எதிர்பாராதே என்று பிறருக்கு உபதேசித்தவரும் அவர்களே. வஸிய்யத் பற்றிய சொல்லைக் கேட்ட நாள் முதல், எழுதிய வஸிய்யத் தம்மிடம் இல்லாமல் ஓர் இரவும் கழிந்ததில்லை என்று கூறியவரும் அவர்களே. ஒரே நெஞ்சில் இந்த இரண்டும் முரண்படாமல் குடியிருந்தன.

அந்த மூன்றாவது செய்தியைச் சற்று விரிவாகப் பார்ப்போம். ஹிஜ்ரி 7ல் கைபர் வெற்றி கொள்ளப்பட்டது. அங்கே உமர் (ரலி) அவர்களுக்கு ஒரு நிலம் கிடைத்தது. அதைவிட மேலான ஒரு பொருளை அவர்கள் அதுவரை பெற்றதில்லை. அதை என்ன செய்வதென்று நாயகத்திடம் வந்து கேட்டார்கள். விற்றுத் தருமம் செய்யும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லவில்லை. விரும்பினால் அசலை நிறுத்தி வைத்து, அதன் விளைச்சலைத் தருமம் செய்யலாம் என்று வழி காட்டினார்கள். அவ்வண்ணமே அந்த நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாகக் கொடுக்கப்படாது, வாரிசுரிமையாகப் பிரிக்கப்படாது என்ற நிபந்தனைகளோடு வக்ஃபு செய்யப்பட்டது. ஏழைகள், உறவினர், அடிமைகளின் விடுதலை, அல்லாஹ்வின் பாதை, வழிப்போக்கர், விருந்தினர் என்று விளைச்சலுக்கு உரியவர்கள் குறிக்கப்பட்டார்கள். அதைப் பராமரிப்பவர் தமக்கென்று சேர்த்து வைக்காமல், நியாயமான அளவில் அதிலிருந்து உண்ணலாம் என்றும் எழுதப்பட்டது. பராமரிப்பாளரும் கூலி பெற வேண்டும், இல்லையேல் நிலம் பாழாகும் என்பதை அன்றே கவனித்திருக்கிறார்கள்.

நம் பெண்மக்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தியும் இதில் உண்டு. அந்த வக்ஃபுக்கு உமர் (ரலி) அவர்கள் குறித்த பொறுப்பாளர் அவர்களுடைய மகளார், அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்கள். உயிரோடு இருக்கும் காலமெல்லாம் அவர்கள் பராமரிப்பார்கள், அவர்களுக்குப் பின் குடும்பத்தில் நல்லறிவுடையவர் ஏற்பார் என்று எழுதப்பட்ட பத்திரம் அபூதாவூதில் காணப்படுகிறது. கணக்கு வழக்கு பெண்களுக்கு எதற்கு என்று சொல்லும் நம் வீட்டுப் பெரியவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்களோ!

தம் சொந்த நிலத்தில் மட்டுமல்ல, அரசு காரியத்திலும் உமர் (ரலி) அவர்கள் இதே கண்ணோட்டத்தைக் கொண்டிருந்தார்கள். இராக்கின் வளமிக்க ‘ஸவாது’ நிலங்கள் கைக்கு வந்தபோது, போரிட்ட வீரர்களுக்கு அவற்றைப் பங்கிட வேண்டும் என்று பிலால் (ரலி) போன்ற பெரியவர்களே வற்புறுத்தினார்கள். உமர் (ரலி) அவர்கள் இணங்கவில்லை. சூரத்துல் ஹஷ்ரில் முஹாஜிர்கள், அன்ஸார்கள் ஆகியோருக்குப் பின் ‘அவர்களுக்குப் பின் வருவோர்’ என்று ஒரு கூட்டம் குறிப்பிடப்படுகிறதே, அவர்களுக்கு என்ன மிஞ்சும் என்பது அவர்களுடைய கேள்வி. நிலத்தைப் பயிரிட்டு வந்தவர்களிடமே விட்டு, கராஜ் வரி விதித்தார்கள். அந்த வருமானம் பிற்காலத்தவருக்கும் சேர்ந்தது.

ஸுபைர் (ரலி) அவர்களின் சொத்துக் கணக்கு

தனி மனிதரின் செல்வத்தில் நெடுநோக்கு எப்படி இருக்கும் என்பதற்கு, ஸஹீஹுல் புகாரியில் வரும் ஒரு நீண்ட செய்தியைப் போல் வேறொன்றை நான் கண்டதில்லை. சொர்க்கத்து நன்மாராயம் பெற்ற பதின்மரில் ஒருவரான ஹழ்ரத் ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களின் சொத்தும் கடனும் பற்றிய செய்தி அது. அவர்களுடைய மகனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்களே அதை அறிவிக்கிறார்கள். பேரம், தவணை, தொகை என்று ஒவ்வொன்றும் அதில் இருக்கிறது. வியாபாரக் குடும்பத்தினர் ஒருமுறையேனும் இதை வீட்டில் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

ஹிஜ்ரி 36, ஜமல் போர் நாள். ஸுபைர் (ரலி) அவர்கள் மகனை அழைத்து, தாம் அன்று அநியாயமாகக் கொல்லப்படுவோம் என்றே கருதுவதாகவும், தம் மிகப் பெரிய கவலை கடன்தான் என்றும் சொன்னார்கள். சொத்தை விற்றுக் கடனை அடைக்கும்படி கட்டளையிட்டார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு வஸிய்யத் செய்தார்கள். கடனை அடைக்க முடியாமல் ஏதேனும் தடை வந்தால் தம் எஜமானிடம் உதவி கேட்கும்படியும் சொன்னார்கள். எஜமான் யார் என்று மகனார் விளங்காமல் கேட்க, அல்லாஹ் என்று பதில் வந்தது. மரணம் கண்ணுக்கு முன் நிற்கும்போது, ஒரு மனிதரின் நாவில் தவக்குலும் கடன் கணக்கும் ஒன்றாக வருவதைக் காண்கிறோம்.

அந்தக் கடன் எப்படி வந்தது? ஆடம்பரத்தால் அல்ல. மக்கள் தங்கள் பணத்தை அமானிதமாக வைக்க அவர்களிடம் வருவார்கள். தொலைந்து போகுமோ என்று அஞ்சுவதால், அமானிதமாக வேண்டாம், கடனாக இருக்கட்டும் என்பார்கள் ஸுபைர் (ரலி) அவர்கள். இதிலுள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். அமானிதப் பொருள் பாதுகாப்பவரின் குற்றமின்றி அழிந்தால் அவர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை, இழப்பு உரியவருக்கே. கடனானால் எந்த நிலையிலும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அதாவது, பிறர் பணத்தின் ஆபத்தைத் தம் தலையில் ஏற்றிக் கொண்டார்கள். அதே சமயம், கடனாக வந்த பணம் பெட்டியில் தூங்க வேண்டியதில்லை. அதை வேலையில் போடலாம். இப்படிச் சேர்ந்த கடன் 22 லட்சம் திர்ஹம்.

அவர்கள் விட்டுச் சென்றதோ, ரொக்கமாக ஒரு தீனாரும் இல்லை, ஒரு திர்ஹமும் இல்லை. நிலங்கள் இருந்தன. மதீனாவில் 11 வீடுகள், பஸராவில் 2, கூஃபாவில் 1, மிஸ்ரில் 1. எந்த ஆளுநர் பதவியும் அவர்கள் வகித்ததில்லை, வரி வசூல் வேலையும் பார்த்ததில்லை என்பதை மகனார் சிறப்பாகக் குறிப்பிடுகிறார்கள். நிலங்களில் ஒன்று மதீனாவுக்கு அருகிலுள்ள ‘ஃகாபா’. அதை ஸுபைர் (ரலி) அவர்கள் வாங்கிய விலை 1 லட்சத்து 70 ஆயிரம். மகனார் அதை 16 பங்காக்கி, பங்கு ஒன்று 1 லட்சம் என்று விலை வைத்தார்கள். ஆக மொத்தம் 16 லட்சம்! அன்று அவசரத்திற்காகக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டிருந்தால் என்னவாகியிருக்கும்? ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் கடன் எவ்வளவு என்று கேட்டபோது, முழுத் தொகையையும் முதலில் சொல்லாமல் 1 லட்சம் என்றே மகனார் சொன்னார்கள். சொத்து அதற்கே போதாதே என்று ஹகீம் கவலைப்பட்டார்கள். அப்படிப்பட்ட நிலையிலும் மகனார் பதறி விற்கவில்லை. கடன்காரர்களில் ஒருவரான அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் (ரலி) அவர்களுக்கு 4 லட்சம் கொடுக்க வேண்டியிருந்தது. விட்டுத் தருகிறேன் என்றார்கள் அவர்கள்; மகனார் ஏற்கவில்லை. பிந்தித் தந்தாலும் போதும் என்றார்கள்; அதையும் ஏற்காமல், ஃகாபாவில் 4 பங்கை அளந்து கொடுத்துக் கணக்கை முடித்தார்கள்.

கடன் அடைந்ததும் மற்ற வாரிசுகள் பங்கு கேட்டார்கள். நியாயமான கோரிக்கைதான். ஆனால் மகனார், தொடர்ந்து 4 வருடம் ஹஜ்ஜுக் காலத்தில் கூவி அறிவிக்காமல் பிரிப்பதில்லை என்று உறுதியாக நின்றார்கள். ஸுபைருக்குக் கடன் கொடுத்தவர் எவரேனும் இருந்தால் வந்து பெற்றுக் கொள்ளலாம் என்று ஒவ்வொரு ஹஜ்ஜிலும் அறிவிக்கப்பட்டது. உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் முஸ்லிம்கள் வந்து கூடும் இடம் அது ஒன்றுதான். நான்கு வருடம் கழிந்த பிறகே பாகப்பிரிவினை. மூன்றில் ஒரு பங்கு வஸிய்யத்துக்குப் போக, நான்கு மனைவியருக்கும் ஆளுக்கு 12 லட்சம் கிடைத்தது.

இங்கே ஒரு சுவையான கணக்கு. நால்வருக்கும் சேர்த்து 48 லட்சம் என்றால், அது எட்டில் ஒன்று. ஆகவே வாரிசுகளின் பங்கு 3 கோடியே 84 லட்சம். வஸிய்யத்துக்குரிய 1 கோடியே 92 லட்சத்தையும் கடன் 22 லட்சத்தையும் சேர்த்தால் 5 கோடியே 98 லட்சம் வருகிறது. ஆனால் புகாரியில் மொத்தச் சொத்து 5 கோடியே 2 லட்சம் என்றே இருக்கிறது. 96 லட்சம் எங்கிருந்து வந்தது? உலமாக்கள் இதைப் பலவாறு ஆராய்ந்திருக்கிறார்கள். இமாம் திம்யாத்தி (ரஹ்) அவர்களின் விளக்கத்தை ஃபத்ஹுல் பாரீயில் காணலாம்: குறைந்த தொகை மரணத்தின்போது இருந்த மதிப்பு, கூடுதல் தொகை, பங்கிடாமல் வைத்திருந்த அந்தக் காலத்தில் நிலங்களும் வீடுகளும் ஈட்டியது. கடன்காரர்களின் ஹக்கைக் காக்கக் காத்திருந்தார்கள்; அந்தக் காத்திருப்பிலேயே வாரிசுகளுக்கும் பரக்கத் விளைந்தது.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பங்கு பிரிக்காமல் வைத்துக் கொள்ள இதை ஆதாரமாக எவரும் எடுத்து வந்துவிடக் கூடாது. அங்கே காத்திருந்தது பிறர் ஹக்கைக் கொடுப்பதற்காக. நம்மிடையே காத்திருப்பது பெரும்பாலும் கொடுக்காமல் இருப்பதற்காக.

தூங்கும் பணமும் உழைக்கும் பணமும்

ஜகாத்தின் சட்டத்திலேயே இந்த நெடுநோக்கு பொதிந்திருக்கிறது. ஒரு லட்சம் ரூபாயைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, வருடந்தோறும் நாற்பதில் ஒரு பங்கை ஒழுங்காகக் கொடுத்து வருகிறார் ஒருவர் என்று வைத்துக் கொள்வோம். 10 வருடத்தில் அது ஏறத்தாழ 77,600 ஆகிவிடும். 20 வருடத்தில் சுமார் 60,300. 28வது வருடம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். விலைவாசி ஏற்றத்தை இதில் நான் சேர்க்கவேயில்லை. அதே பணத்தில் தொழிலுக்குரிய கருவி வாங்கினால், அந்தக் கருவிக்கு ஜகாத் இல்லை. அது ஈட்டித் தருவதில் சேர்ந்து நிற்பதற்கே ஜகாத். தறி, தையல் இயந்திரம், தச்சனின் உளி எல்லாம் இவ்வகை. செல்வம் முடங்காமல் உழைக்க வேண்டும் என்று ஷரீஅத் எவ்வளவு மென்மையாகத் தள்ளிவிடுகிறது பாருங்கள். அநாதைகளின் சொத்தை ஜகாத் தின்றுவிடாதபடி வியாபாரத்தில் போடுங்கள் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் சொன்னது முவத்தாவில் வருகிறது. சிறார் சொத்துக்கு ஜகாத் உண்டு என்பது ஷாஃபிஈ மத்ஹபு, இல்லை என்பது ஹனஃபி மத்ஹபு. எனினும் அநாதையின் பொருளை வளர்க்க வேண்டும் என்பதில் அந்த அறிவுரை எல்லாருக்கும் பொதுவானது.

நகையைப் பற்றியும் கேட்டார் அல்லவா அந்தச் சகோதரர்? ஹனஃபி மத்ஹபில் நகைக்கு ஜகாத் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில், பெண்கள் அணிந்து கொள்ளும் ஆகுமான நகைக்கு இல்லை. அணியும் எண்ணமின்றிச் சேமிப்பாகப் பூட்டி வைத்தால் அங்கும் உண்டு. ஆகவே அலமாரியில் உறங்கும் தங்கத்தை ‘உபயோக நகை’ என்று பெயர் சூட்டித் தப்பிவிடலாம் என்று எண்ண வேண்டாம். வங்கியில் நெடுங்கால வைப்பாகப் போட்டு வட்டியில் வளர்ப்பதும் நான் சொல்லும் நெடுநோக்கில் சேராது. அதன் தீர்ப்பு எல்லோருக்கும் தெரிந்ததே.

தவக்குல் உள்ளவர் சேமிக்கலாமா என்ற ஐயமும் சிலருக்கு உண்டு. பனூ நளீர் நிலங்களின் வருமானத்திலிருந்து நாயகம் (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாருக்கு ஒரு வருடத்திற்கான உணவை ஒதுக்கியிருக்கிறார்கள். பின்னர் தேவையுடையோர் வந்து கேட்க, அதையும் வாரிக் கொடுத்துவிடுவது அவர்களுடைய தனிச்சிறப்பு. யூஸுஃப் (அலை) அவர்கள் ஏழு வருடம் விளைவித்து, ஏழு வருடப் பஞ்சத்தைக் கடந்து, மழை வரும் பதினைந்தாவது வருடத்தையும் சொல்லி வைத்தார்கள். அறுத்த தானியத்தை உண்பதற்குக் கொஞ்சம் போக, மீதியைக் கதிரிலேயே விட்டு வைக்கச் சொன்னார்கள். அடித்துக் குவித்த தானியத்தைவிடக் கதிரில் கிடக்கும் தானியம் எளிதில் வண்டு பிடிக்காது. உண்பதையும் விதைப்பதையும் பிரித்து வைக்கத் தெரிந்த குடும்பத்திற்கே பஞ்சத்திற்குப் பின் வரும் மழையால் பயன்.

கைத்தொழிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்த அல்லாஹ், கவசம் செய்யும்போது அதன் பின்னலை அளவோடு அமைக்கும்படி கட்டளையிட்டதாக சூரத்து ஸபஃவில் வருகிறது. வளையங்களை இணைக்கும் ஆணி மெல்லியதாக இருந்தால் ஆடும், தடித்ததாக இருந்தால் வளையத்தை உடைத்துவிடும், ஆகவே அளவு என்று முஃபஸ்ஸிரீன்கள் விளக்குகிறார்கள். கவசத்தின் குறை பட்டறையில் தெரியாது. என்றோ ஒருநாள், எங்கோ ஒரு போர்க்களத்தில், செய்தவர் முகத்தைப் பார்த்தேயிராத ஒருவரின் மார்பில்தான் அது தெரியும். அந்த நாளை இன்றே நினைத்து ஆணி அடிப்பவர்தான் தொழிலாளி.

நம் திருநெல்வேலிச் சீமையில் பத்தமடைப் பாயைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தாமிரபரணிக் கரைக் கோரையை அறுத்துக் காய வைத்து, ஆற்று நீரில் ஊறப் போட்டு, நுண்ணிய இழையாகக் கிழித்து நெய்கிறார்கள் நம் சமுதாயத்து மக்கள். ஊறும் நாளில் அவசரம் காட்டினால் பாய் மடியாது, விரிசல் விடும். உயர்ந்த ரகப் பாய் ஒன்று முடியப் பல வாரங்கள் ஆகும். அதற்கிடையில் ஞெகிழிப் பாய் கடைக்குக் கடை வந்துவிட்டது. இளைஞர்களுக்கு இதில் நாட்டம் குறைந்தால் அவர்களை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. உரிய விலை கொடுத்து வாங்காத நாமும் அதற்குக் காரணம். மகன் வெளிநாடு போகட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. போகும் முன் ஒரு தொழில் கையில் ஏறியிருந்தால், ஒப்பந்தம் முடிந்து திரும்பும்போது பெட்டியோடு அதுவும் வரும்.

நோட்டுப் புத்தகம்

இனி அந்தச் சகோதரரிடம் வருவோம். தென்னை வைக்கலாமா கூடாதா என்பதற்கு இமாம் அவர்கள் அன்று இரவு சுருக்கமாகவே பதில் சொன்னார்கள். கியாமத் நெருங்கிவிட்ட வேளையிலும் கையில் பேரீச்சங்கன்று இருந்தால், முடியுமானால் நட்டுவிட வேண்டும் என்ற பொருளில் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸை எடுத்துக் காட்டினார்கள். தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று ஊரில் சொல்வார்களே, அந்தப் பனை வைத்தவனுக்கும் கூலி உண்டு என்றார்கள்.

ஆனால் அதோடு விடவில்லை. நிலம் பார்ப்பதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, தாம் யாருக்கு என்ன கொடுக்க வேண்டும், தமக்கு யார் தர வேண்டும் என்று எழுதிக் கொண்டு வரச் சொன்னார்கள். திருக்குர்ஆனிலேயே நீளமான வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை நினைவூட்டினார்கள். பிறகு ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களின் சம்பவத்தைச் சொன்னார்கள். விடைபெறும் ஹஜ்ஜின்போது மக்காவில் கடும் நோயுற்று, இனிப் பிழைக்க மாட்டோம் என்று கருதிய அவர்கள், மூன்றில் இரு பங்கைத் தருமம் செய்யட்டுமா என்று கேட்டார்கள். பாதி? அதுவும் வேண்டாம். மூன்றில் ஒன்று, அதுவே அதிகம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் வரம்பிட்டார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும் நிலையில் விடுவதைவிடத் தன்னிறைவோடு விட்டுச் செல்வது மேல் என்றும் அறிவுறுத்தினார்கள். அப்போது அவர்களுக்கு இருந்தது ஒரே மகள். அதன் பின் ஸஅத் (ரலி) அவர்கள் 40 வருடங்களுக்கும் மேல் வாழ்ந்து, காதிஸிய்யாப் போரை நடத்தி, கூஃபா நகரை அமைத்து, மேலும் பல மக்களைப் பெற்றார்கள். எல்லாவற்றையும் அன்றே கொடுத்திருந்தால்?

இரண்டு வாரம் கழித்து அந்தச் சகோதரர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். முகம் வாடியிருந்தது. முதல் பக்கத்தில் மனைவிக்குக் கொடுக்க வேண்டிய மஹர் பாக்கி. நிகாஹ் நாளில் பேசியது, அதன் பிறகு இருவருமே மறந்து போனது. இரண்டாம் பக்கத்தில் ராத்தாவின் பெயர். வாப்பா மௌத்தாகி ஒன்பது வருடமாகியும் கடைத்தெருக் கட்டடம் பிரிக்கப்படவில்லை. வாடகையை அண்ணன் தம்பி இருவரும் பகிர்ந்து வந்திருக்கிறார்கள். ராத்தா கேட்கவில்லை, அதனால் இவர்களும் நினைக்கவில்லை. உம்மாவின் எட்டில் ஒரு பங்கும் அப்படியே கிடந்தது. தென்னைக்கென்று ஒதுக்கிய தொகையில் கணிசமான பகுதி தமக்குச் சொந்தமானதல்ல என்பது எழுதிப் பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

காக்கா முதலில் முகத்தைச் சுளித்தார். இப்போது எதற்கு இதையெல்லாம் கிளற வேண்டும் என்றார். இமாம் அவர்கள் இருவரையும் உட்கார வைத்து, ஸுபைர் (ரலி) அவர்களின் மகனார் நான்கு ஹஜ்ஜுகள் கூவி அறிவித்ததைச் சொன்னார்கள். நீங்கள் கூவ வேண்டியதில்லை, உங்கள் ராத்தா அடுத்த தெருவில்தானே இருக்கிறார்கள் என்றார்கள்.

ஒன்பது வருட வாடகையைக் கணக்கிட நான்கு நாட்கள் ஆயின. உம்மாவும் ராத்தாவும் தங்கள் பங்கை ரொக்கமாகக் கேட்கவில்லை. நிலத்திலேயே சேர்த்துவிடச் சொன்னார்கள். மஹர் மட்டும் கையில் கொடுக்கப்பட்டது. ஆகவே இரண்டு ஏக்கர் என்று பேசியிருந்தது ஒன்றேகால் ஏக்கராகக் குறைந்து, பத்திரத்தில் ஒரு பெயருக்குப் பதில் மூன்று பெயர்கள் ஏறின. மேல்மாடிக்கு வந்து இறங்கியிருந்த செங்கலில் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பினார்கள். ஐப்பசி மழைக்கு முன் குழி வெட்டி முடித்து, கன்றுகளை வைத்தாயிற்று. எந்த வரிசை யாருக்குரியது என்பதையும் ராத்தா அந்த நோட்டுப் புத்தகத்திலேயே தம் கையால் எழுதியிருக்கிறார்கள்.